கருப்பு மருதாணிக்கு ஒரு வாழ்த்துமடல்

அம்பத்தூர் ஓ.டி. பேன்சி ஸ்டோர் வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் கருப்பு மருதாணிப் பொட்டலமே, உன்னைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. மருதாணி இலைக்கு வாய்த்த நிறம் செம்மஞ்சள். அதிலுள்ள லாசோன் என்ற சாயத்துக்கு அதற்குமேல் தெரியாது. எத்தனை மணி நேரம் ஊறப்போட்டாலும் முடி செம்பட்டையாகுமே தவிரக் கறுக்காது. இலையால் ஆகாத காரியத்தை இலையின் பெயரை வைத்துக்கொண்டே நீ அரை மணியில் முடித்துவிடுகிறாய். கவர்மேல் பச்சை இலைப் படம், உள்ளே பாராபினைலீன்டையமின் என்ற ரசாயனம்.

கருகருவென்று வர மருதாணி தேய்த்து அலசி, அப்புறம் அவுரி பூசுவார்கள் பழைய ஆட்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வரும் அக்காவுக்கு ஏது அத்தனை நேரம்? ஆவடி டாங்க் பேக்டரியில் ரிட்டயர் ஆகி, செக்யூரிட்டி வேலைக்கு அலைகிறவரை நரைத்த தலையோடு யார் எடுப்பார்கள்? அவர்களுடைய அவசரத்தையும் பயத்தையும் உன்னளவுக்குப் புரிந்துகொண்டவர் இல்லை. புரிந்துகொண்டு, சில்லறைக் காசுக்குப் பக்கத்திலேயே வந்து தொங்குகிறாய்.

உன் விசுவாசம் எல்லாவற்றிலும் பெரிது. சிலரோடு வருஷக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் குடித்தனம் நடத்துவாய். பிறகு ஒருநாள் தலை அரிக்கும், நெற்றி வீங்கும், காதோரம் நீர் கசியும், கண் திறக்க முடியாமல் இமை உப்பும். அதோடு உறவு முடிந்ததா? தோல் உன்னை ஆயுளுக்கும் மறப்பதில்லை. உன் பங்காளியான பென்சோகைன் மரப்பு மருந்தோ சில துணிச்சாயங்களோ பட்டால்கூட உன் நினைவு தடிப்பாக எழலாம். அமெரிக்காவில் தொடுதோல் அழற்சி மருத்துவர்களின் சங்கம் 2006இல் உன் உள்ளிருப்பவருக்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது. அதைக் கவரில் அச்சடித்துப் பீற்றிக்கொள்ளாத உன் அடக்கம் யாருக்கு வரும்!

ஐரோப்பாவில் தலையில் பூசும்போது உன் உள்ளிருப்பவருக்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு. தோலில் படம் வரைய இடமே கிடையாது. இங்கே கடைத்தெருவில் அப்படி யாரும் உன்னை அவமதிப்பதில்லை. சீக்கிரம் கறுக்க வேண்டும் என்று மருதாணிக் கோனில் உன்னைக் கலந்தால் குழந்தையின் புறங்கையிலும் ஏறிக்கொள்வாய். பூங்கொடி வரைந்த இடத்தில் அதே கொடி கொப்புளமாகப் பூக்கும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டு சலூனில் கையுறை இல்லாமல் உன்னைக் குழைக்கிற தம்பியின் விரலிடுக்கு வெடித்தால், கத்தரி பிடிப்பதே அவனுக்கு வேதனை. சோறு போடும் கை அது. அவனுக்கும் நீ ஓய்வு வாங்கித் தருகிறாய், சம்பளம் மட்டும் இல்லாமல்.

சட்டத்தையும் நீ மதிப்பவன். முதலில் சோதித்துப் பார், புருவத்திலும் இமைமயிரிலும் பூசாதே, பார்வை போகலாம் என்று ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. எழுதுகிறாய். நரை விழும் வயதில்தான் வெள்ளெழுத்தும் வருகிறது. அந்தக் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில், படித்தால் மனம் கலங்குவார்களே என்ற கரிசனத்தோடு எழுதுகிறாய்.

உன் புகழ் பரவ என்னால் ஆனதை நானும் செய்கிறேன். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி 48 மணி நேரம் காத்திருந்துவிட்டே உன்னைத் தலைமேல் ஏற்றும்படி எங்கள் தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். அரித்தால் உடனே அலசிவிட்டுத் தோல் டாக்டரிடம் போகட்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. போகும்போது உன் கவரையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன். இத்தனையும் செய்தது இன்னார் என்று டாக்டருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?