தயாரிப்பு: அப்பாவின் ஏடிஎம் கார்டு

தமிழ்க் குறும்படங்களில் காதலும் கொலையும் பெரும்பாலும் மொட்டை மாடியில்தான் நடக்கும். காரணம் அழகியல் அல்ல, வாடகை. லைட்டுக்குச் சூரியன், ரிஃப்ளெக்டருக்கு ஒரு தெர்மாகோல் அட்டை, பின்னணிக்குத் தண்ணீர்த் தொட்டி. கொடியில் புடவை அசைந்தால், அது காலையில் இயக்குநரின் அம்மா காயப்போட்டது.

காசில்லாத படத்தில் திரைக்கதையின் கடைசி வடிவத்தை எழுதுவது இயக்குநர் அல்ல, அன்றைக்குக் கைக்குக் கிடைத்த பொருள்கள். ‘நாயகன் காரில் வந்து இறங்குகிறான்’ என்று காகிதத்தில் இருக்கும். கார் தருவதாகச் சொன்ன நண்பன் அன்று போனை எடுக்க மாட்டான். நாயகன் பைக்குக்கு இறங்குவான். பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் நடந்து வருவான். படத்துக்கு ‘யதார்த்தம்’ என்று பெயர் கிடைத்துவிடும்.

உலகமெங்கும் இதே கதைதான். ராபர்ட் ரோட்ரிகஸ் ‘எல் மரியாச்சி’ (1992) என்ற முழுநீளப் படத்தையே சுமார் 7,000 டாலரில் எடுத்தார். அதில் ஒரு பகுதி, மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. கேமரா போட்ட இரைச்சலில் வசனம் பதிவாகாது என்பதால், காட்சி முடிந்ததும் நடிகர்களை மறுபடி பேசவைத்து டேப்பில் பிடித்தார். உதடும் குரலும் ஒட்டாத இடங்களில் வேறு ஷாட்டுக்குத் தாவினார். படத்தின் விறுவிறுப்பான வெட்டுகளில் பல அப்படிப் பிறந்தவை.

கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான ‘ஃபாலோயிங்’கை (1998) வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, வார இறுதிகளில், ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தார். பிலிம் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஒத்திகையை நாடகம்போல் முடித்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கோடு நிறுத்திக்கொண்டார். நம்மிடம் மெமரி கார்டு இருக்கிறது. எனவே ஒத்திகை கிடையாது. “இன்னொண்ணு போலாம்” என்று இருட்டும்வரை போகலாம்.

இங்கே எல்லோரும் மறக்கும் துறை ஒலி. லென்ஸ் வாடகைக்குக் கடன் வாங்குபவர்கள் மைக்கை நினைப்பதில்லை. எடிட்டிங்கில் உட்காரும்போதுதான் தெரியும், காதலைச் சொல்லும் இடத்தில் தெருவில் ஒருவர் வெங்காய விலையைச் சொல்லிக்கொண்டிருப்பது. டப்பிங்குக்குக் கூப்பிட்டால் நாயகி ஊருக்குப் போயிருப்பார். குரல் வாட்ஸப்பில் வரும், மின்விசிறிச் சத்தத்தோடு.

பட்ஜெட்டில் கைவைக்கவே முடியாத தலைப்பு சாப்பாடு. சம்பளமில்லாமல் உழைப்பவர்களுக்கு மதியம் தக்காளி சாதம் வந்தால், மாலையில் பாதி யூனிட்டுக்குப் பாட்டி செத்துப்போவார்.

ஆனாலும் இந்தக் கூத்திலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜ் ‘பீட்சா’வையும் (2012), நலன் குமரசாமி ‘சூது கவ்வும்’ படத்தையும் (2013) எடுத்தார்கள். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’யும் (2012), ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’யும் (2014) அதே பெயரில் முதலில் குறும்படங்கள்.

ஆகவே, தெரிந்த பையன் யாராவது “ஒரே ஒரு நாள், உங்க ஹாலை மட்டும் குடுங்க அங்கிள்” என்று வந்து நின்றால் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளாகும், சுவரில் ஆணி அடிப்பார்கள், கடைசியில் நன்றி கார்டில் உங்கள் பெயரை எழுத்துப் பிழையோடு போடுவார்கள். மதியச் சாப்பாடு மட்டும் பிரியாணிதானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.