வீட்டுலதான இருக்கே!

ஏல பேராண்டி, ஆபீசுக்கு வந்து சேருன்னு மேனேஜரு மெயில் போட்டுட்டாருன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியாமே? ஒங்க அம்மை சொன்னா. இங்கன உக்காரு. கேக்கவா போற, சும்மா காதுல போட்டுக்கோ.

2020 மார்ச்சுல ஊரடங்குன்னதும் லேப்டாப்போட தென்காசி வந்து எறங்குன. மெட்ராஸ் வாடகை மிச்சம், அம்மை கைச்சோறு, மீட்டிங்குக்கு மேல சட்டை கீழ சாரம். ராசா கணக்காத்தான் இருந்த. அருவியத் தெறந்துவிட்டதும்லா வெனை வந்துச்சு! சாரல் அடிச்சாப் போதும், சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் குத்தாலத்துக்கு வாரேன்னு நம்ம வீட்டுல வந்து எறங்குதான். ஐந்தருவிக்கு வண்டி ஓட்டுதது நீ. பிரானூர் பார்டர்ல பரோட்டா பார்சலுக்கு நிக்கது நீ. வேலை இருக்குன்னு சொன்னா, ‘வீட்டுலதான இருக்கே!’ம்பாவ. நானுந்தான் சொன்னேன். மோட்டார் போட ஆள் வேணும்லா?

ராத்திரி பதினோரு மணிக்கும் காதுல அந்தக் குமிழ மாட்டிக்கிட்டு ‘யெஸ் யெஸ்’னு உளறிட்டுத் திரிஞ்ச. அப்ப மட்டும் வீட்டுல இல்லியோ?

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. சீனாவுல சிட்ரிப்புன்னு ஒரு டிக்கெட் கம்பெனி. 2010 கடைசியில, போன் எடுக்கவங்கள்ல விருப்பப்பட்டு வந்தவங்கள்ல பாதிப்பேர ஒம்பது மாசம், வாரத்துல நாலு நாள் வீட்டுல இருந்து வேலை பாக்கச் சொன்னான். ஸ்டான்போர்டு வாத்தியாரு நிக்கோலஸ் புளூம் கணக்கெடுத்தாரு. வேலை நூத்துக்கு 13 கூடிச்சு, விட்டுட்டு ஓடுதவன் பாதியாக் கொறஞ்சான். முடிஞ்சதும் கேட்டா, வீட்டுல இருந்ததுல பாதிப்பேரு ‘ஆபீசுக்கே வாரோம்’னுட்டான். தனியா இருந்து மண்டை காஞ்சிருக்கு. கண்ணுல படாதவனுக்குப் பதவி உயர்வும் சுணங்கியிருக்கு. அதே கம்பெனியில பொறவு ஆயிரத்து அறுநூறு பேர வச்சு, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் வீடுன்னு பாத்தாவ. ஆளுக போறது மூணுல ஒரு பங்கு கொறஞ்சுது, பதவிக்கும் பங்கமில்ல. 2024-ல நேச்சர் பத்திரிகையில வந்துச்சு.

நம்மூரு டிசிஎஸ்காரன் என்ன செஞ்சான்? 2025-ல நூத்துக்கு 25 பேரு ஆபீசுக்கு வந்தாப் போதும்னு 2020-ல சொன்னான். 2023 அக்டோபர்ல, அஞ்சு நாளும் வான்னுட்டான். மொதல்ல சொன்னத நம்பி ஊர்ல கடன வாங்கி வீடு கட்டுனவன் என்ன செய்வான், வீட்டத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டா ரயில் ஏறுவான்? வரச்சொன்னதக்கூடப் பொறுத்துக்கலாம்டே, சொன்னத மாத்துததுதான் வயிறு எரியுது.

இங்கன மத்தளம்பாறையப் பாரு. 2011-லயே ஜோஹோ அங்க ஆபீசு போட்டாச்சு. மொதலாளி ஸ்ரீதர் வேம்பும் 2019-ல அங்கனயே குடி வந்துட்டாரு. ஜோஹோ டெஸ்க்குன்னு உலகம் பூரா விக்கிற சாமானு அங்க செஞ்சதுதான். அந்தப் புள்ளைக ஆபீசுக்கும் போகுது, பொழுது சாஞ்சா வீட்டுச் சோத்தையும் திங்குது. சீசன் விருந்தாளி வந்தா, ‘ஆபீசு இருக்கு’ன்னு தப்பிச்சும் ஓடுது. அதுதாம்ல கெட்டிக்காரத்தனம்.

நீ மேனேஜர்ட்ட மல்லுக்கு நிக்காத. ‘மூணு நாள் வாரேன், ரெண்டு நாள் வீடு, எழுத்துல குடுங்க, நடுவுல மாத்தாதிய’ன்னு பதனமாக் கேளு. குடுத்தா நல்லது. குடுக்கலன்னா மத்தளம்பாறைக்கு ஒரு விண்ணப்பத்தப் போடு. அதுவரைக்கும் மெட்ராஸ் போக பொதிகை ரயிலுக்கு டிக்கெட்ட இப்பமே எடுத்துரு. ஞாயித்துக்கெழமைன்னா வெயிட்டிங் லிஸ்ட்டு நீளமாக் கெடக்கும்.