வாசல் கூட்டும் முறை

கோவை சரவணம்பட்டி சாஃப்ட்வேர் தம்பிக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலை. எந்த ஏரியாவில் வீடு என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "சிறுவாணித் தண்ணியா கண்ணு, பில்லூரா?"

ஆபீஸில் மேனேஜரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். கொங்கு நாக்கு கேட்டால்தானே? 'மார்ட்டினுங்க' என்றே வருகிறது. அவர் அதை ஏதோ தமிழ்ப் பட்டம் என்று நினைத்துப் பூரிக்கிறார். ராத்திரிவரை உட்கார்ந்தால் பாராட்டில்லை. வேலை பிடிபடவில்லையோ என்று பார்க்கிறார்கள்.

ஆளை மடக்கியது 'கேர்வோக்கே'. குடியிருப்போர் வாரமுறை வைத்து மாடிப்படியும் வாசலும் கூட்டணும். 1492-ஆம் ஆண்டு நகரச் சட்டத்திலேயே இதற்கு வேர் உண்டாம். கதவில் அட்டை தொங்கினால் உங்கள் முறை. விளக்குமாற்றைத் தொட்டே அறியாத பிள்ளை!

வீடியோ காலில் அம்மா: "கூட்டுனதோட வுட்டுறாத கண்ணு, ஒரு கோலத்தையும் போட்டுரு."