அரசாங்கம் உரசிப் பற்றவைத்த ஊர்

காசியிலிருந்து சிவலிங்கத்தோடு திரும்பிய பாண்டிய மன்னர் தென்காசி போய்ச் சேர வேண்டியவர். வழியில் சாமி எங்கள் ஊரிலேயே உட்கார்ந்துவிட்டது. அதனால் இது சிவகாசி என்பது தலபுராணம். வடக்கே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பாத வழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது போலும். 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். எட்டு மாதம் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஜெர்மன் இயந்திரத்தோடு ஊர் திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் முதல் தீப்பெட்டி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை உழைப்பின் வெற்றி என்று மேடையில் பேசுவார்கள். பொய் இல்லை. வானம் பார்த்த கரிசல் காடு இது. மழை வரும் என்று நம்பி விதைத்தவன் நொடித்தான். மழை வராது என்று நம்பிக் குச்சியைக் காயப்போட்டவன் பிழைத்தான். ஆனால் கதையில் இன்னொரு பாதி உண்டு. எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். உள்ளே போனால் கோப்பும் இருக்காது, குமாஸ்தாவும் இருக்க மாட்டார். மருந்து நெடிதான் மூக்கில் ஏறும். இதற்கு எதற்கு ஆபீஸ் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். வரலாற்றைப் படித்தபிறகு புரிந்தது: குச்சி செய்தது இங்கே என்றாலும், தொழிலை நடத்தியது கோப்புதான்.

அந்த 1922-ஆம் வருடமே, முதல் உலகப்போரில் காலியான கஜானாவை நிரப்ப வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. இறக்குமதித் தீப்பெட்டிக்கு கிராசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வளர்ப்பது நோக்கமில்லை, வசூல்தான் நோக்கம். ஆனாலும் வேலி வேலிதானே. வெளிநாட்டுப் பெட்டி விலை ஏற, உள்ளூர்க்காரனுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது.

வேலியைப் பார்த்து ஸ்வீடன்காரர் மட்டும் அசரவில்லை. ஐவர் க்ரூகர் என்றொருவர். உலகத் தீப்பெட்டிக்கெல்லாம் ராஜா என்று பெயர். கஷ்டத்தில் இருக்கும் நாடுகளுக்குக் கோடிக்கணக்கில் கடன் கொடுப்பார்; வட்டியோடு, அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வார். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் அண்டாவோடு நின்றுவிட்டார்கள், பாவம். வெளியிலிருந்து வந்தால்தானே வரி என்று, அவருடைய ஸ்வீடிஷ் கம்பெனி வேலிக்கு உள்ளேயே குடியேறியது. 1923-இல் அது தொடங்கிய விம்கோ, பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத், சென்னையில் திருவொற்றியூர் என்று பெரிய இயந்திரங்களோடு கடை விரித்தது.

இயந்திரத்தோடு இயந்திரம் மோதியிருந்தால் சிவகாசி மூன்று மாதத்தில் மூட்டை கட்டியிருக்கும். நம்மவர்கள் மோதவில்லை; கைவேலைக்கு மாறினார்கள். ஜெர்மன் இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும், உதிரிபாகம் வேண்டும். பஞ்சத்தில் அடிபட்ட கிராமத்துக் கைக்கு அதெல்லாம் வேண்டாம், கூலியும் குறைவு. பள்ளம் வெட்டிய சட்டத்தில் பள்ளத்துக்கு ஒன்றாகக் குச்சியைச் சொருகுவார்கள். ‘கட்டை அடுக்குதல்’ என்று பெயர். அடுக்கிய கட்டையை அப்படியே மருந்தில் முக்கிக் காயப்போட வேண்டும். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே போய்விட்டது.

1934-இல் உள்ளூர்த் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி வில்லை. அதைக் கிழித்தால்தான் பெட்டி திறக்கும். அடுப்புப் பற்றவைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் முதல் கவளம் அரசாங்கத்துக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கத்துக்குச் சின்னவர்கள் மேல் இரக்கம் பிறந்தது. ஆலைகளை ஏ, பி, சி, டி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போலப் பிரித்து, சின்ன ஆலைக்குச் சின்ன வரி என்றார்கள். பெரிய ஆபீஸ்கள் உடனே இளைக்கத் தொடங்கின. ராத்திரி ஒன்றாகப் படுத்த ஆபீஸ் காலையில் மூன்றாக எழுந்தது: ஒன்று அண்ணன் பெயரில், ஒன்று மச்சினன் பெயரில், இன்னொன்று பாட்டி பெயரில். தான் தொழிலதிபர் ஆன விஷயம் பாட்டிக்கே தெரிந்திருக்காது.

1967 ஜூலை 21-இல் டெல்லி புதுக் கணக்கு ஒன்று போட்டது. வருடத்துக்கு 7.5 கோடி குச்சிக்கு மேல் அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சலுகை வரி. மறுபடியும் ஊரெல்லாம் ஆபீஸ் பிரசவம் நடக்கும் என்று பயந்தோ என்னவோ, செப்டம்பர் 4-இல் ஒரு திருத்தம் வந்தது: இன்றைய தேதிக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு தீப்பெட்டி ஆலை உரிமம் கேட்டு விண்ணப்பித்த தேதி செப்டம்பர் 5! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும், பெரிய ஆலைகள் உடைந்து சலுகை வாங்குவதைத் தடுக்கத்தான் அந்தத் தேதி என்று 1974-இல் தீர்ப்பு வந்தது. ஒரு நாள் தாமதத்துக்கு ஏழு வருடம் கோர்ட்டு.

இந்தக் கோட்டு விளையாட்டில் இயந்திரம் தோற்றது. சின்ன ஆலையின் கைவேலைக்குச் சலுகை என்று சொன்ன சட்டம், எத்தனை வயதுக் கை என்று கேட்கவில்லை. விடியும் முன்னே கிராமம் கிராமமாக வந்து நின்ற ஆபீஸ் பஸ்களில் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறினார்கள். 1986-இல் சட்டம் தடுத்தது. 1996 டிசம்பரில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. சிவகாசியின் வெற்றியில் அந்த விரல்களின் கணக்கும் உண்டு. மேடையில் யாரும் அதைச் சொல்வதில்லை.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் பழைய குணம் மாறவில்லை: கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 ஆனது. ஒரு பெட்டி ஒரு ரூபாய் என்ற விலை 2007 முதல் 14 வருடம் அசையாமல் நின்றது. 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அதற்குள் சீன லைட்டர் பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. 2022-இல் முதல்வர் ஸ்டாலின் லைட்டருக்குத் தடை கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது.

க்ரூகர் 1932-இல் பாரிஸில் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார். அவர் கம்பெனியின் விம்கோ கடைசியில் ஐடிசியின் கைக்குப் போனது. கட்டை அடுக்கிய ஊர் இன்னும் இருக்கிறது. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வரி, 2023-இல் வெளிநாட்டு லைட்டருக்குத் தடை. நூறு வருடம் கழித்தும் எங்கள் ஊர்த் தீப்பெட்டிக்குக் காவல் நிற்பது இயந்திரம் இல்லை, அரசிதழ்தான்.