டஸ்கனியில் அப்படித்தான்

ஓய்வு பெற்ற ஆண்கள் சமைக்கக் கிளம்பும்போது சாம்பாரில் கைவைக்கக் கூடாது. சாம்பார் என்றால் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு இருக்கும். பக்கத்தில் நிற்கும் மனைவி, ஹாலில் உட்கார்ந்திருக்கும் அம்மா, ஏன், வீடு பெருக்க வரும் அம்மாள்கூட வாசலில் நின்றபடியே மோந்து பார்த்துவிட்டுப் ‘புளி தூக்கல்’ என்று சொல்லிவிடுவார். ஆகவே புத்தியுள்ளவன் வீட்டில் ஒருவரும் சாப்பிட்டிராத பண்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பான். எப்படி வந்தாலும் ‘இது இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடலாம், மறுக்க ஆளில்லை. இந்தக் கணக்கில்தான் நான் புரூஸ்கெட்டாவுக்கு வந்து சேர்ந்தேன்.

புரூஸ்கெட்டா ஒன்றும் ராஜ விருந்து அல்ல. இத்தாலியின் நடுப்பகுதியில், லாட்ஸியோ, உம்பிரியா பக்கமெல்லாம், ஆலிவ் ஆட்டும் காலத்தில் புது எண்ணெய் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்க்கச் செக்கடியிலேயே ரொட்டியைத் தணலில் சுடுவார்கள். அதன்மேல் பச்சைப் பூண்டைத் தேய்த்து, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, உப்புத் தூவித் தின்பார்கள். டஸ்கனியில் இதற்கே ஃபெத்துந்தா என்று பெயர். தக்காளி பிற்பாடு வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் செய்யத் துணிந்தது இன்னும் ஒரு படி மேல். தக்காளியை வாட்டி, காரம் சேர்த்து, பேசில் இலையைக் கிள்ளிப் போட்டது.

இதையெல்லாம் மனைவியிடம் விரிவாகச் சொன்னேன்.

“பிரெட்ல தக்காளித் தொக்கா?” என்றாள்.

எங்கள் வீட்டில் எதையும் மூன்று வார்த்தைக்கு மேல் வளரவிட மாட்டார்கள்.

முதலில் ஆலிவ் எண்ணெய். பழக்க தோஷத்தில் கால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட்டது. “குழந்தைக்குத் தேய்க்கவா சார்?” என்று கேட்டுக்கொண்டே கடைப் பையன் ஒரு சின்ன டின்னை எடுத்து வைத்தான். எனக்குத்தான் என்றேன். தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தான். அங்கிருந்து சூப்பர் மார்க்கெட். அங்கே ஆலிவ் எண்ணெயிலும் நாலு வருணம் இருப்பது தெரிந்தது. உச்சியில் எக்ஸ்ட்ரா வர்ஜின். இயந்திரத்தில் அரைத்துப் பிழிந்ததோடு சரி, ரசாயன வேலை எதுவும் கிடையாது, அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கீழே போமாஸ், பிழிந்த சக்கையில் மிச்சம் இருப்பதைக் கரைப்பான் ஊற்றி இழுத்துச் சுத்தம் செய்தது. வறுக்கப் பொரிக்க அது போதும், பச்சையாக ஊற்றித் தின்ன லாயக்கில்லை. இத்தனையும் படித்துத் தெளிந்த பிறகும் என் கை போமாஸ் பக்கம்தான் போனது; விலை அப்படி. கடைசியில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எக்ஸ்ட்ரா வர்ஜினில் இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக வாங்கி, விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்த பிறகே கடையை விட்டு வெளியே வந்தேன்.

அடுத்தது ரொட்டி. சியபட்டாவில் செய்தால் அமோகமாக இருக்கும் என்பது சாஸ்திரம். தெருமுனை பேக்கரியில் சியபட்டா இருக்கிறதா என்று கேட்டேன். “சப்பாத்தி எதிர்க் கடையில சார்” என்றார் கல்லாவில் இருந்தவர். நல்லதாகப் போயிற்று. ரோமாபுரிச் சிப்பாய்கள் தின்ற ரொட்டி என்று மனைவியிடம் நான் அளந்துவைத்திருந்த இந்தச் சியபட்டாவை, வெனிஸுக்குத் தெற்கே அட்ரியா என்ற ஊரில் அர்னால்டோ கவல்லாரி என்ற மாவு மில்காரர் உருவாக்கியதே 1982இல்தான். அதாவது ‘மூன்றாம் பிறை’ வெளியான வருஷம். எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு அதைவிட வயது அதிகம். அந்த ரொட்டிக்காக நான் ஏன் அலைய வேண்டும்? துண்டு போடாத சால்ட் பிரெட் ஒன்றை வாங்கினேன். கல்லாக்காரர் அதைத் தாளில் சுற்றியபடி, “வீட்ல யாருக்கு சார் காய்ச்சல்?” என்று அன்போடு விசாரித்தார்.

பேசில் விஷயத்தில் நான் முன்யோசனையோடு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். அதை ஃபிரிட்ஜில் வைத்துப் பத்திரப்படுத்தினாள் மனைவி. மறுநாள் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் துவண்டு கிடந்தது. பேசிலுக்குக் குளிர் ஆகாது; பத்து டிகிரிக்குக் கீழே போனால் இலை வெந்துவிடும். கொத்தமல்லியைப் பாதுகாக்கிற அதே ஃபிரிட்ஜ் இதைக் கொன்றுவிடுகிறது. அம்மா அந்தப் பிரேதத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள். “இது துன்னூத்துப்பச்சைடா. காது குத்தல்னா சாறு விடுவோமே” என்றாள். அவள் சொன்னது சரி. திருநீற்றுப்பச்சிலையும் இத்தாலிக்காரன் பேசிலும் ஒரே இனம், வகைதான் வேறு. ஃபலூடாவில் கண்ணை விழித்துப் பார்க்கும் சப்ஜா விதைகூட இந்தச் செடியுடையதுதான். நம்மூர் வகையில் கற்பூர வாடை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். மாடத்தில் இருக்கும் துளசி வேறு இனம்; அதில் கைவைத்திருந்தால் நானும் வேறு வீட்டில் இருந்திருப்பேன். பூக்காரம்மாவிடம் போனேன். மாலைக்கு வைத்திருந்த கொத்தில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டு, “காது வலியா சார்?” என்று அந்த அம்மாளும் கேட்டார்.

எண்ணெய், ரொட்டி, பச்சிலை மூன்றும் ஒரே பையில் எட்டிப் பார்க்க, அபார்ட்மெண்ட் வாசலைத் தாண்டி வந்தேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார். முகத்தில் அனுதாபம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

இனி ஓ.டி.ஜி. அடுப்பு. நம் வீடுகளில் இது சமைப்பதற்கான சாதனம் அல்ல, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி. எங்கள் அடுப்புக்குள்ளிருந்து முறுக்கு டின், மடித்த துணிக்கடைப் பைகள், காணாமல் போனதாக நான் போன தீபாவளிக்குச் சண்டை போட்ட டார்ச் லைட், எல்லாம் வெளியே வந்தன. குமிழில் எண்கள் அழிந்திருந்ததால் 160 டிகிரி எங்கே இருக்கும் என்று உத்தேசமாகத் திருகினேன்.

“எவ்வளவு நேரம் ஓடணும்?” என்றாள் மனைவி.

“ஒன்றரை மணி நேரம்.”

“இரண்டு மாசத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினா கீழ்ப்படி யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறும். தெரியுமில்ல?”

நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். தக்காளி இத்தாலிக்கே வந்தேறிதான், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1548இல் டஸ்கனியின் பிரபு கோசிமோ த மெதிச்சியின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. அதன் பிறகும் நெடுங்காலம் அதை நம்பி வாயில் வைக்க அங்கே பலருக்குத் துணிச்சல் வரவில்லை. 1690களில்தான் நேப்பிள்ஸில் அந்தோனியோ லாத்தினி என்ற விருந்து மேற்பார்வையாளர் தம் சமையல் நூலில் தக்காளி சாஸ் செய்யும் முறையை எழுதினார். பழுத்த தக்காளியைச் சுட்டுத் தோலுரித்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, உப்பு, எண்ணெய், காடி ஊற்றிக் கலப்பது. ஆக, காரமான சுட்ட தக்காளி என்பது முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி என்று முடித்தேன்.

“எதுல சுடச் சொல்லியிருக்கார்?”

“தணல்ல.”

“ஓ.டி.ஜி.ல இல்லையே?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தக்காளியை இரண்டாக வகுந்து, வெட்டுப்பக்கம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்கினேன். நாட்டுத் தக்காளி இதற்கு ஆகாது. புளிப்பும் சாறுமாக வழிந்தோடிவிடும். சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளிதான் ஓரம் சுருங்கி, நடுவில் ஜாம் பதத்துக்கு வரும். தக்காளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். வாட்டுவது என்பது அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை விரட்டிவிட்டு, மிச்சமிருக்கும் இனிப்பையும் புளிப்பையும் ஒன்றாக நெருக்கி உட்கார வைப்பது. இதையே 2023 ஜூலையில் செய்திருந்தால் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளியை ஆவியாக்கிய குற்றத்துக்கு என்னை ரேஷன் கடை வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்.

காரத்துக்கு, பீட்சாவோடு வரும் சில்லி ஃபிளேக்ஸ் பொட்டலங்கள். எந்த வீட்டிலும் இவற்றைத் தூக்கிப் போடுவதில்லை. டிராயரில் வாரிசுகளுக்காகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் காரத்தைவிட விதைதான் அதிகம் என்பதால் ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் வறுத்து ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்தேன். தோலோடு நாலைந்து பல் பூண்டு, எண்ணெய், உப்பு.

பாதி நேரம் கழித்து வெந்ததா என்று பார்க்கக் கதவைத் திறந்தேன். நெடி வெளியே வந்தது. முதலில் நான் இருமினேன். பிறகு மனைவி, பிறகு ஹாலிலிருந்து அம்மா. பெருக்க வந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு மாடிப்படிவரை ஓடி அங்கே நின்று தும்மினார். “கலாப்ரியாவில் இப்படித்தான்” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இத்தாலியின் கால் கட்டைவிரல் பகுதியில் இருக்கும் அந்த மாகாணத்தில், டியமாந்தே என்ற ஊரில், செப்டம்பர்தோறும் மிளகாய்க்கே திருவிழா எடுக்கிறார்கள். சொன்னது யார் காதிலும் விழவில்லை. இருமல் சத்தம்.

அப்புறம் ரொட்டி. விரற்கடைக் கனத்தில் அறுத்து அடுப்பில் வைத்தேன். ஓரம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. எடுத்தபோது அது ரஸ்க்.

“ரஸ்க்தானே இது?” என்றாள் மனைவி.

“ஃப்ரிசெல்லே” என்றேன். புலியா மாகாணத்தில் ரொட்டியை வேண்டுமென்றே இருமுறை சுட்டுக் கல்லாக்கி, சாப்பிடும்போது தண்ணீரில் நனைத்துத் தக்காளியைப் போட்டுத் தின்கிறார்கள். அந்தக் கணத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. ரொட்டி இறுகிப்போனால் அது புலியா. தக்காளிச் சாற்றில் ஊறித் தொளதொளத்தால் டஸ்கனியின் பன்ஸனெல்லா. மேலும் ஊறிக் கூழாகிவிட்டால் அதே ஊரின் பப்பா அல் பொமதோரோ. இத்தாலியில் ஒரு சொதப்பலும் வீண்போவதில்லை. ஏதோ ஒரு மாகாணம் அதற்குப் பெயர் வைத்து, ஓட்டலில் விற்றுக்கொண்டிருக்கிறது. இப்படியொரு தேசத்தைக் கண்டுபிடிக்காமல் இத்தனை காலம் வாழ்ந்துவிட்டேனே என்றிருந்தது.

மணி அடித்தது எதிர் ஃபிளாட் தம்பதி. கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். செருப்பைக் கழற்றும்போதே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அம்மாவுக்கு இப்ப எப்படி சார் இருக்கு? வாட்ச்மேன் சொன்னாரு. காய்ச்சலோட காது வலியும்னு. அங்கேருந்தே இருமல் கேட்டுச்சு, மனசு கேக்கல.”

அம்மா டி.வி. சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி ஆசீர்வதித்தாள்.

“அது போகட்டும், மருமகளுக்குக் குழந்தை பிறந்த விஷயத்தைக்கூடச் சொல்லலையே” என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்டார். மெடிக்கல் ஷாப் தகவலும் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் மகனுக்கு இன்னும் ஜாதகமே வெளியில் எடுக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே தேவையில்லாமல் இன்னும் ஒரு தட்டுத் தக்காளி வெந்திருக்கும்.

வந்தவர்களை உட்கார வைத்துப் பரிமாறினேன். மலைப்பூண்டை ரொட்டியின்மேல் தேய்த்தேன். சுட்ட ரொட்டியின் சொரசொரப்பே துருவல் பலகையாகி, பூண்டு கரைந்து இறங்கியது. அதன்மேல் வாட்டிய தக்காளி, கிள்ளிய பச்சிலை, கடைசியில் மேலே பச்சையாக எண்ணெய். எதிர் ஃபிளாட்காரர் ஒரு கடி கடித்தார். மடேரென்று சத்தம் வந்தது. தக்காளி ரொட்டியை விட்டுப் பிரிந்து அவர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பிறகு அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“நல்ல எண்ணெய் சார் அது!” என்று நான் உற்சாகமானேன். தரமான புது ஆலிவ் எண்ணெய் தொண்டையில் சுருக்கென்று பிடிக்கும். அதற்குக் காரணமான ஓலியோகாந்தல் என்ற பொருள் இபுப்ரோஃபென் மாத்திரையின் வேலையைச் செய்கிறது என்று 2005இல் ‘நேச்சர்’ இதழில் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. இருமல் வந்தால் எண்ணெய் தேறிவிட்டது என்று அர்த்தம். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள்.

மூச்சு திரும்பியதும் அவர் பண்பாளராகத்தான் நடந்துகொண்டார். “பிரமாதம் சார். இந்தத் தக்காளியை மட்டும் சூடான சாதத்துல போட்டுப் பிசைஞ்சா இன்னும் எங்கேயோ போயிடும்” என்றார். போயிற்று. குக்கரில் இருந்த சாதம் வந்தது; தட்டில் இருந்த தக்காளி முழுவதும் ஐந்து நிமிஷத்தில் காலி. ரொட்டி மட்டும் அப்படியே நின்றது. அம்மா அதில் ஒன்றை எடுத்துக் காப்பியில் நனைத்துப் பார்த்தாள்.

“உப்பே இல்லையேடா இதுல. சால்ட் பிரெட்டுன்னே?”

“டஸ்கனியில் ரொட்டியில் உப்பே போட மாட்டாங்கம்மா. பல நூறு வருஷமா அப்படித்தான். அதுதான் அதோட அழகு.”

எல்லோரும் போன பிறகு, ஓய்வு கொடுக்கப்பட்ட என் மனைவி தட்டில் தீய்ந்து ஒட்டிய தக்காளித் தோலை நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் இருந்து, சோடா உப்புப் போட்டு ஊறவைத்தால் சுலபமாக வரும் என்று வழி சொன்னேன். பதிலில்லை.

மறுநாள் மதியம் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவளும் மென்றபடி என்னைப் பார்த்தாள்.

“என்ன இது, சாம்பார்ல உப்பே இல்லையே?”

“டஸ்கனி” என்றாள் மனைவி, பொரியலைப் பரிமாறிக்கொண்டே. “பொரியலும்தான்.”

“எந்த ஊரா இருந்தா எனக்கென்ன” என்றாள் அம்மா. “டேய், அந்த உப்பு ஜாடியை இந்தப் பக்கம் தள்ளு.”