தூக்கிடலாம், வாங்க!

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சான்று முகாம் எந்த ஊரில் நடந்தாலும் இவர் அங்கே இருப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் யாருடைய ஆதார் நகலோ. அரசு ஊழியர் இல்லை, சங்கத்துக்காரரும் இல்லை. யாரோ ஒருவருக்குத் துணையாக வந்து, வந்த இடத்தில் எல்லாருக்கும் அண்ணனாகிவிட்டவர். பெயர் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘தூக்கிடலாம் அண்ணன்’ என்றால் வாட்ச்மேன்கூட அடையாளம் காட்டுவார்.

படிக்கட்டைக் கண்டால் மற்றவர்கள் ஏறுவார்கள். அண்ணன் ஆள் சேர்ப்பார்.

பஸ் ஸ்டாப்பிலேயே அவருக்கு வேலை வந்துவிடும். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் கிடையாது. டிக்கெட்தான் இலவசம், படி அதே உயரம்தான். சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்துகளை அண்ணன் டிவியில் பார்த்ததோடு சரி. சக்கர நாற்காலியை எங்கே வைப்பது என்று கண்டக்டர் யோசித்து முடிப்பதற்குள், “விசில் அடிச்சிராதீங்க சார்! தம்பி, நீ காலைப் பிடி” என்று காரியம் நடந்துவிடும்.

முகாம் எங்கே? மாடியில். லிஃப்ட் உண்டு, அதை இயக்குபவர் சாப்பிடப் போயிருப்பார்.

அன்றைக்கு மாடி ஏற வேண்டியவள் ஒரு பட்டதாரிப் பெண். நாற்காலியோடு நான்கு பேர் தூக்க, அண்ணன் முன்னால் நின்று, தெருமுனையில் சப்பரம் திருப்புகிறவர்போல “மெதுவா... பின்னாடி தாழ்த்து... ஆங், வரட்டும்!” என்று குரல் கொடுத்தார். அவளுடைய துப்பட்டா சக்கரத்தில் சிக்கியது. ஒரு செருப்பு கழன்று பாதிப் படியில் தங்கிவிட்டது. எக்ஸ்ரே கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தாள். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று அவளை யாரும் கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கைதட்டல், அண்ணனுக்கு.

உள்ளே டாக்டரும் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்: “இவங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?”

“பொறந்ததுலேருந்தே சார்!” என்றார் அண்ணன். அவளைப் பார்த்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

“இல்லை டாக்டர், நாலு வருஷம். பைக் ஆக்ஸிடென்ட்” என்றாள் அவள்.

பாதிப்பின் சதவீதக் கணக்கிலும் அண்ணன் புலி. 2024இல் திருத்திய விதிப்படி அடையாள அட்டை 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். 40ஐத் தொடாவிட்டால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. வரிசையில் நிற்பவரை ஏற இறங்கப் பார்த்தே நிறம் சொல்லிவிடுவார். “உனக்கு மஞ்சள்தான்யா. எதுக்கும் உள்ளே போறப்ப கொஞ்சம் மூஞ்சியைச் சுளிச்சுக்கோ.” ரெண்டு பஸ் மாறி வந்தவருக்குத் தனியாகச் சுளிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் எல்லாரும் புழங்கும்படி மாற்றச் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022லேயே முடிந்துவிட்டது. அப்படி மாற்றுவதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. இதை யாராவது எடுத்துச் சொன்னால் அண்ணனுக்கு ரோஷம் வந்துவிடும். “சாய்தளம் டெண்டர் விட்டு என்னிக்குக் கட்டி முடிக்கிறது? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?”

அதிகாரிகளுக்கு அண்ணனை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன? காலையில் வந்த அத்தனை பேரும் மாடி ஏறிவிட்டார்கள். பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. அடுத்த முகாமையும் அதே மாடியில் போடலாம்.

நல்ல மனுஷர்தான். யாரிடமும் பத்துப் பைசா வாங்க மாட்டார், டீகூடத் தன் காசில்தான். ஆனால் அவர் இருக்கும்வரை அந்தக் கட்டடத்துக்குச் சாய்தளம் வராது. அடுத்த முகாமில் அவரைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள்: ஆளைத் தூக்க வேண்டாம், டாக்டரைக் கீழே வரச் சொல்லி ஒரு சத்தம் போட்டால் போதும். அவர் குரல் மாடி வரைக்கும் தாராளமாகக் கேட்கும்.