மலையை நகர்த்திய பேட்டி

ஒரு பெரிய மனிதரைப் பேட்டி என்று சொல்லி ஏமாற்ற வேண்டுமானால், முதலில் அந்தப் பெரிய மனிதர் உங்கள் பக்கம் வர வேண்டும். இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தப் பாக்கியம் தாமதமாகத்தான் கிடைத்தது. 1948இல் குடியுரிமை போனது, பின்னாலேயே வோட்டும் போனது. 1964இல் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் எங்களைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974இல் பாதிப் பாதியாகக் கணக்கை முடித்தார்கள். 1988ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்து, எங்கள் வரிசை வீடுகளின், அதாவது லயத்தின், சுவர்களில் வேட்பாளர்களின் படம் ஒட்டப்பட்டபோதுதான் நாங்களும் ஏமாற்றப்படத் தகுதியான பிரஜைகள் ஆனோம். திருப்பி ஏமாற்றும் உரிமையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை நாங்களாக எடுத்துக்கொண்டோம்.

சரக்கு எங்களிடம் முன்பே இருந்தது. பொன்னர் சங்கரோ அருச்சுனன் தபசோ, விடிய விடிய நடக்கும் கூத்தில் நடுச்சாமத்துக்கு மேல் கோமாளி இறங்குவான். தோட்டத் துரையின் தொப்பியை மாட்டிக்கொண்டு, துரையின் தமிழில், கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்துவான். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இத்தனை, தண்ணீருக்கு இத்தனை என்று கழித்த கிலோவெல்லாம் எங்கே போனது என்று விசாரிப்பான். நிஜக் கணக்கப்பிள்ளை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சிரிக்காவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி, சிரித்தாலும் அப்படித்தான். பாதி சிரிப்பில் வாயை நிறுத்தி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த ஒரு கணக்கப்பிள்ளையை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

அதன் மேல் வானொலி வந்து சேர்ந்தது. மரிக்கார் ராம்தாஸ் கூட்டம் நடத்திய ‘கோமாளிகள்’ ஒலித்தால் லயத்தில் ரொட்டி சுடுகிற கை நின்றுவிடும். 1976இல் அது சினிமாவாகவும் வந்தது. ஆளுக்கொரு பேச்சுத் தமிழ். ஒருவர் பேசினால் மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரியும், கேட்கிற நமக்கு எல்லாம் புரியும். இன்னொரு பக்கம் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா. அந்த வேகத்தில் மூச்சு விடாமல் பேசிப் பார்க்காத பையன் எங்கள் தோட்டத்தில் ஒருவனும் கிடையாது. டோர்ச் லைட்டைத் தலைகீழாகப் பிடித்தால் மைக். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, வேலைக்குப் புறப்படுகிற பெண்களை வழிமறித்து, “நேயர்களே, இதோ நமது நட்சத்திரம்” என்று பேட்டி எடுத்து, கொழுந்துக் கூடையால் அடி வாங்கிய அறிவிப்பாளர்கள் பலர்.

டிவி வந்ததும் லயத்துக்கு ஒன்று, கறுப்பு வெள்ளை. கரண்ட் கிடையாது, லொறி பற்றரிதான். சார்ஜ் இறங்கினால் பதுளை டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ் கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் கேட்பார். இத்தனை சிரமப்பட்டு ரூபவாஹினி தமிழ்ச் செய்தியைப் போட்டால், அங்கே எங்கள் தலைவர்கள் மாறி மாறிப் பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பற்றரி பாதியில் செத்துப் படம் சுருங்கிப் புள்ளியாகிவிட்டால், மிச்சப் பேட்டியை நாங்களே முடித்துவிடுவோம். அடுத்த நாள் தலைவர் சொன்னதாகத் தெரிய வருவது அநேகமாக அதேதான். பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

1994 ஓகஸ்ட் தேர்தல் ஆடி மாதத்தில் வந்தது. மாரியம்மன் திருவிழாவும் பிரசாரமும் ஒரே சவுண்ட் செட்டில் நடந்தன. ஒரு வேட்பாளர் பொன்னாடைக்கும் பூசைக்கும் வந்தார். கட்சியைச் சொல்லப்போவதில்லை, அவர் பிறகு இரண்டு தடவை மாறிவிட்டதால் சொல்லியும் பயனில்லை. பண்டாரவளையில் கஸெட் கடையில் வேலை பார்த்த எங்கள் லயத்துப் பையன் ஒருவன், தோளில் ஒரு பெனசோனிக் ரெக்கோர்டரும் கையில் சவுண்ட் செட்காரனின் மைக்குமாக அவர் முன்னால் போய் நின்றான். “வானொலிக்கு ஒரு சின்னப் பேட்டிங்க ஐயா” என்றான். எந்த வானொலி என்று அவர் கேட்கவில்லை. ரெக்கோர்டருக்குள் கஸெட் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. மாலையைச் சரி செய்துகொண்டார்.

முதல் இரண்டு கேள்விகள் சம்பளம், வீடு. அவர் உடம்பு தளர்ந்து சௌகரியமாகிவிட்டார். மூன்றாவதில்தான் பையன் இறங்கினான். “ஐயா, இந்த நமுனுகுல மல காலம்பற வெயில மறிக்குது. கொழுந்து காய மாட்டேங்குது, புள்ளைங்களுக்குச் சளி. ஒங்க கட்சி வந்தா மலைய மொனராகலைப் பக்கம் ஒரு மைல் நகர்த்திக் குடுக்குமா?”

நமுனுகுல 2,036 மீற்றர் உயரம். வேட்பாளர் தலையைத் திருப்பி அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். மைக்தான் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“இது மலையக மக்களின் நீண்டகாலப் பிரச்சினை. கடந்த அரசாங்கங்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. நாங்கள் சம்பந்தப்பட்ட அமைச்சோடு பேசி, கட்டம் கட்டமாக நடவடிக்கை எடுப்போம்.”

“மொனராகலைக்காரங்க ஒத்துக்குவாங்களாங்க?”

“பேச்சுவார்த்தை மூலம் தீர்க்க முடியாத பிரச்சினை எதுவுமில்லை.”

முதலில் கைதட்டியது தோட்டத் தலைவர். அவர் அடுத்த சங்கக் கூட்டத்தில், மலை விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், வாய்ப்பேச்சை நம்பக் கூடாது என்று வேறு பேசினார். வேட்பாளர் இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பி, பேட்டி எப்போது ஒலிபரப்பாகும் என்று கேட்டார். “மல அசைஞ்சதும் போடுவாங்க” என்று பதில் போனது.

இப்படிப் பொய்ப் பேட்டி எடுப்பதை வெள்ளைக்காரர்கள் பெரிய தொழிலாகச் செய்கிறார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்து, மகனின் போனில்தான் தெரிந்தது. சஷா பரன் கோஹன் என்ற பிரிட்டிஷ் நடிகர், மஞ்சள் கண்ணாடியும் தொப்பியுமாக ‘அலி ஜி’ என்ற பெயரில் 2000இல் சனல் 4 தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். உத்தி எளிதானது. கோட் சூட் போட்ட ஓர் ஆள் மரியாதையாக வரவேற்று உட்கார வைப்பார்; அவர்தான் பேட்டி எடுப்பவர் என்று விருந்தாளி நினைப்பார். கமெரா ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் ஓரமாக நின்ற தொப்பிக்காரன் கேள்வி கேட்பான். அதற்குள் படிவத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்த பூத்ரஸ் காலி மாட்டினார். டொனால்ட் ட்ரம்பிடம், ஐஸ்கிரீம் உருகிக் கையில் வழியாமலிருக்க ஒரு கையுறை செய்து விற்கலாம், பணம் போடுங்கள் என்றார். ட்ரம்ப் எழுந்து போய்விட்டார். மாட்டாமல் தப்பியவர் என்றால் என் கணக்கில் பழைய தொழிற்கட்சிக்காரர் டோனி பென்தான். வேலைநிறுத்தம் செய்கிறவனெல்லாம் சோம்பேறிதானே என்று அலி ஜி இழுக்க, கிழவர் வேடிக்கையா நிஜமா என்றே யோசிக்காமல் எதிரில் இருந்தவனோடு மல்லுக்கு நின்றார். எங்கள் சங்கங்களின் மேல்மட்டத்திலும் அப்படி ஓர் ஆள் இருந்திருக்கலாம்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது அலி ஜி இல்லை. அதில் சில சமயம், பாவம், நல்ல மனதோடு வந்து உட்கார்ந்தவரும் அடி வாங்குகிறார். அதற்கு முன்பே, 1997இல், கிறிஸ் மொரிஸ் நடத்திய ‘பிராஸ் ஐ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இருக்கிறதே, அதுதான் சரியான கூத்துக் கோமாளி. ‘கேக்’ என்று இல்லாத ஒரு போதை மாத்திரையை உண்டாக்கி, மஞ்சள் நிறத்தில், தட்டு அளவுக்கு ஒன்றைச் செய்து, அதை ஒழிக்கப் பிரசாரம் செய்யுங்கள் என்று பிரபலங்களிடம் கொடுத்தார்கள். அவர்களும் கமெரா முன்னால் அதைத் தூக்கிக் காட்டி நாட்டை எச்சரித்தார்கள். டேவிட் ஏமெஸ் என்ற எம்.பி. ஒருபடி மேலே போய், பாராளுமன்றத்திலேயே ‘கேக்’ பற்றிக் கேள்வி கொடுத்துவிட்டார். அமைச்சரும் பொறுப்பாகப் பதில் கொடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஹன்சார்டில் அது ஏறியிருக்கிறது. நமுனுகுல ஏறவில்லை, எங்கள் பையனுக்கு ஒரு சனல் இருந்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.

இந்த வித்தைக்கு அங்கே விளைவும் உண்டு. 2018இல் கோஹன் வேறு வேஷத்தில் எடுத்த ஒரு தொடரில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில சட்டசபை உறுப்பினர் ஒருவர் தலைகால் தெரியாமல் ஆடிவிட்டுப் பதவி விலக வேண்டியதாயிற்று. சிரிப்பால் ஒருவருக்குப் பதவி போவதா? மலைநாட்டில் பேட்டியால் பதவி போனவர்கள் இல்லை. பேட்டியால் பதவிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆயிரம் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனாதிபதித் தேர்தல் மேடையில் நாள் சம்பளம் ஆயிரம் என்றார்கள். பதவிக்கு வந்ததும் 2020 மார்ச் முதல் என்றார்கள். வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில். அடிப்படை 900, படி 100. பிறகு 2024 மே தினத்துக்கு 1,700 என்று அறிவித்தார்கள். கம்பனிகள் கோட்டுக்குப் போயின. செப்டம்பரில் கைக்கு வந்த அடிப்படை 1,350. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டிவிப் பேட்டி. ஒவ்வொரு பேட்டியிலும் “கட்டம் கட்டமாக”, “சம்பந்தப்பட்ட தரப்போடு”, “பேச்சுவார்த்தை மூலம்”. பேட்டி எடுத்தவர்கள் நிஜமான நிருபர்கள், ரெக்கோர்டருக்குள் நிஜமாகவே கஸெட் இருந்தது. இதற்கு மேல் ஒரு கேலிப் பேட்டிக்காரன் எதைக் கேட்டுக் கிழிப்பான்?

கேட்கவும் இப்போது இடமில்லை. வேட்பாளர் வரும்போதே கமெராக்காரப் பையன்கள் கூட வருகிறார்கள். மேலே ட்ரோன் ஒன்று தும்பி மாதிரிச் சுற்றுகிறது. கேள்வியை அவரே எழுதிக்கொடுத்து, அவரே பதில் சொல்லி, பேஸ்புக்கில் அவரே லைக் போட்டுக்கொள்கிறார். அறியாமல் மாட்டிக்கொள்ளும் பெரிய மனிதர் என்ற இனமே தோட்டப் பக்கம் அருகிவிட்டது.

இன்று மைக் நீட்டப்படுவது லயத்தை நோக்கித்தான். வெளியூர் யூடியூப் பிள்ளைகள் வேன் பிடித்து வருகிறார்கள். ஒழுகுகிற தகரக் கூரை, அடுப்புப் புகை, இடுப்பில் கட்டும் கிழிந்த படங்கு. பிறகு அரிசி மூட்டையைக் கொடுத்துக்கொண்டே ஒரு வயசான பெண்ணின் கண்ணுக்கு நேராக போனைப் பிடித்து, கண்ணீர் வரும்வரை கேள்வி. நல்ல மனதோடு செய்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழாவிட்டால் இரண்டாவது தடவை எடுக்கிறார்கள்.

போன வருடம் பக்கத்து லயத்து அப்பாயியிடம் அப்படி ஒரு தம்பி வந்தார். அப்பாயி நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். நான் வாசல் படிக்கட்டில் இருந்தேன்.

“அம்மா, உங்கட வாழ்க்கையில உங்களுக்கு இருக்கிற கனவு என்ன?”

“கனவா? தூக்கம் வந்தாத்தானே தம்பி.” வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஒனக்கு இதுதான் வேலையா?”

“ஓம் அம்மா. யூடியூப்.”

“செக்ரோல்ல பேரு இருக்கா? கைக்காசா?”

செக்ரோல் என்றால் தோட்டத்துப் பெயர்ப் பதிவேடு, கைக்காசு என்றால் அதில் ஏறாத கூலி. தம்பிக்கு விளங்கவில்லை. பார்க்கிற ஆட்களின் கணக்கை வைத்து வெளிநாட்டுக் கம்பனி மாதா மாதம் காசு அனுப்பும் என்று சொன்னார்.

“கம்பனியா.” அப்பாயிக்குப் பிடி கிடைத்துவிட்டது. “ஈ.பி.எஃப். புடிக்கிறானா?”

“இல்லை அம்மா.”

“மழ பேஞ்சா?”

“மழை பெய்தாலும் நாங்கள் வந்து எடுக்கத்தான் வேணும்.”

“சங்கம் கிங்கம்?”

“அப்பிடி ஒண்டும் இல்லை.”

“எத்தன பேரு பாத்தா ஒனக்கு முழுப் பேரு போடுவான்?”

முழுப் பேர் என்றால் எங்களுக்கு முழு நாள் சம்பளம். அது ஒவ்வொரு வீடியோவுக்கும் வித்தியாசப்படும், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் தம்பி. குரல் இறங்கியிருந்தது. கமெரா பிடித்த பையன் போனைத் தாழ்த்திவிட்டு அவள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நெறை எத்தனன்னு சொல்லாம வேல வாங்குறானா? வெள்ளக்காரன் காலத்துலகூட அதச் சொல்லிருவானே.” அரிசி மூட்டையை ஒரு கையால் உள்ளே தள்ளிவிட்டு, “பொழுதோட கெளம்புங்க. இப்பிடிப் பேசிக்கிட்டு நின்னா ஒங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு அரப்பேருதான்” என்றாள்.

வீடியோ வந்தது. கூரையும் அடுப்பும் இருந்தன, சோகமாக ஒரு வயலின் இருந்தது. அப்பாயி வெற்றிலை மடிக்கிற இடத்தோடு வெட்டியிருந்தார்கள்.